வாடகை வீட்டு கீசருக்கு யார் பொறுப்பு?

பெங்களூரில் வேலை கிடைத்துப் பிள்ளைகள் முதன்முதலாக வீடு பார்க்கும்போது, ஊரில் இருக்கும் நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எவ்வளவு? கேட்க வேண்டியதுதான். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரின் வெகுநாள் பழக்கம். ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வரும் ஓனர்களும் உண்டு. ஆனால் பணம் பேசி முடித்ததும் வீடு பேசி முடித்தாகிவிட்டது என்று நினைக்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

2023 ஜூனில் சிக்கஜாலா பக்கம் ஒரு வாடகை வீட்டின் குளியலறையில், கல்யாணம் செய்துகொள்ள இருந்த ஒரு இளம் ஜோடி இறந்து கிடந்தார்கள். காரணம் கேஸ் கீசர். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வாசனையே கிடையாது. தலை சுற்றும்போது கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது.

இப்படி ஒரு கீசர் இருந்தால் யார் பொறுப்பு? "நீங்கதானே உபயோகிக்கிறீங்க" என்பார் ஓனர். "பதினோரு மாசத்துல காலி பண்ணப்போற வீட்டுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்" என்பார்கள் நம் பசங்க. இரண்டு பேரும் கைகழுவிய இடத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பதினோரு மாதக் கணக்குக்கும் காரணம் உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம். புரோக்கர் நீட்டும் அக்ரிமெண்டில் பெயரும் தொகையும் மட்டும்தான் மாறும். ரிப்பேர் யார் செய்வது என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்காது.

2021ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது. வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. கீசர், ஸ்விட்ச், குழாய் வாஷர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை. இது மாதிரிச் சட்டம்தான். மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் செல்லும். ஆனால் அந்தப் பட்டியலை அக்ரிமெண்டில் சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இங்கே நடப்பதோ தலைகீழ். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். கீசரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். கீசர் ரிப்பேரானால் நாம் சரிசெய்வோம், நியாயம். ஆனால் அது மாட்டியிருக்கும் இடமே தப்பு என்றால், மாற்றித் தருவது ஓனர் வேலை. அதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், எழுதி வாங்குங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், ஸ்விட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்பி வரவேண்டிய நாளில் அதுதான் உங்கள் சாட்சி.

குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால், வெளியே மாட்டித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி, வேறு வீடு பாருங்கள்.