மஞ்சள் ஏன் சிவந்தது?

கொச்சியின் தேங்காய் எண்ணெய் வணிகம் குறித்த ஆய்வுக்காக மட்டாஞ்சேரியில் தங்கியிருந்தபோது, மகளிருக்கான கைவினைச் சோப்புப் பயிற்சி ஒன்றில் ஒரு நாள் பார்வையாளராக அமர்ந்திருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ‘இரசாயனம் அறவே இல்லாத இயற்கைச் சோப்பு’ என்று எழுதியிருந்தது. எண்ணெயை அளந்தார்கள். பயிற்றுநர் கொடுத்த ஒரு பொட்டலத் தூளைத் தண்ணீரில் கரைத்தார்கள். பாத்திரம் கை வைக்க முடியாதபடி சுட்டது. இரண்டையும் கலந்து, குழம்பு கெட்டிப்பட்ட நேரத்தில் நிறத்துக்காக மஞ்சள்தூளைத் தூவினார்கள். பொன்னிறம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, குழம்பு செங்கல் நிறத்துக்கு மாறியது.

“டீச்சர், மஞ்சள்தானே போட்டோம், எப்படிச் சிவந்தது?” என்று ஒரு பெண் கேட்டார். தூளில் கலப்படம் இருக்கலாம் என்று பதில் வந்தது. பின்வரிசையில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர், “சுண்ணாம்பு பட்ட மாதிரி இருக்கு” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே வேதியியல் உண்மை அதுதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைத் தொட்டால் சிவக்கும். ஆலத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலக்கும் ஒவ்வொரு தமிழ் வீட்டுப் பெண்ணுக்கும் இது தெரியும். கொச்சியை அடுத்த சோற்றானிக்கரையில் குருதி பூசைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீரைப் பார்த்து வளர்ந்த மலையாளப் பெண்களுக்கும் தெரியும். பெயரும் சூத்திரமும் அறியாவிட்டாலும் காரங்காட்டியை அவர்கள் அறிவார்கள். ஆகவே, பொட்டலத்தில் இருந்தது ஒரு வன்காரம் என்பதை விளக்க அன்றைக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும். பயிற்றுநரோ அதனைக் ‘கட்டியாக்கும் தூள்’ என்றே கடைசிவரை குறிப்பிட்டார். அது சோடியம் ஹைட்ராக்சைடு. கடைத்தெருவில் காஸ்டிக் சோடா.

காரம் இல்லாமல் சோப்பு இல்லை. எண்ணெயும் காரமும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. கணக்குச் சரியாக இருந்தால் முடிவில் காரம் மிஞ்சுவதில்லை. எண்ணெய்க்கு எண்ணெய் இந்தக் கணக்கு மாறும் என்பதுதான் சிக்கல். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். பாமாயிலுக்கு ஏறத்தாழ 141 கிராம் போதும். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம், அதாவது பன்னிரண்டு கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி. பாமாயிலில் மிகுதி பதினாறும் பதினெட்டும் கொண்டவை. ஒரே எடையில் குட்டைச் சங்கிலிகளின் எண்ணிக்கை அதிகம். எனவே அவற்றுக்குக் காரமும் அதிகம் தேவைப்படுகிறது.

பயிற்சியில் கொடுத்த பொட்டலம் 165 கிராம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு அது நல்ல அளவே. எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு வினைபுரியாமல் எஞ்சித் தோலுக்கு இதமளிக்கும். ஆனால் 2025ஆம் ஆண்டின் நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு நானூறு ரூபாயைத் தாண்டியது. பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் விலை கட்டுப்படியாகாமல், அதே பொட்டலத்தை ஒரு கிலோ பாமாயிலில் கலந்தார். 24 கிராம் காரம் மிஞ்சியது. சோப்பைத் தேய்த்த கைகள் தோலுரிந்தன. ‘என் கை ராசியில்லை’ என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, அவர்மீது அன்று. தூளின் பெயரை மறைத்தவர்கள், எண்ணெயை மாற்றினால் தூளின் அளவும் மாறவேண்டும் என்பதையும் சேர்த்தே மறைத்துவிட்டார்கள்.

பெயரைச் சொன்னால் பெண்கள் அஞ்சுவார்கள், வாங்குவோர் விலகுவார்கள் என்பது பயிற்றுநர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். இரண்டாவது பகுதியில் ஓரளவு உண்மை உண்டு. ‘கெமிக்கல்’ என்பதை வசைச்சொல்லாக்கிவிட்ட சந்தையில் அவர்கள் விற்றாக வேண்டும். முதற்பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிப்பவருக்கு, தண்ணீரில்தான் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகாது, கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும் என்று சொன்னால் புரியாதா? (பயிற்சியில் அலுமினியப் பாத்திரம் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஏன் இல்லை என்பதைத்தான் எவரும் சொல்லவில்லை. காரம் பட்டால் அலுமினியம் கரைந்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்.)

சோப்பு இந்த ஊருக்குப் புதிதன்று. ‘கொச்சின்’ என்பது ஒருகாலத்தில் உலகச் சந்தையில் தேங்காய் எண்ணெயின் ஒரு தரத்துக்கே பெயர். 1917இல் உருவான டாட்டா ஆயில் மில்ஸ் எறணாகுளத்தில் ஆலை வைத்தது. அந்த இடம் டாட்டாபுரம் ஆயிற்று. 501 சலவைச் சோப்பும் ஹமாமும் அந்நிறுவனத்தின் சரக்குகள். 1993இல் அது இந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது. வடக்கே மலபாரில், கூட்டுறவுக் கடன் குறித்த அறிக்கையால் நாம் அறிந்த பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியில், சென்னை மாகாண அரசே 1914இல் சோப்புத் தொழிலைத் தொடங்கியது. இன்றைய கேரளா சோப்ஸின் வேர் அதுதான். பின்னாளில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் வீட்டிலேயே சோப்புச் செய்வதற்கான பொருள்தொகுப்பை மக்களிடம் கொண்டுசென்றது. 1962இல் அறிவியலை மலையாளத்தில் எழுதுவதற்காகத் தோன்றிய இயக்கம், சோப்பையும் ஓர் அறிவியல் பாடமாகவே கையாண்டது. பெருநிறுவனச் சோப்புக்கு மாற்று, சோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த மக்கள் என்பது அதன் நிலைப்பாடு. இன்றைய ‘இயற்கை’ப் பயிற்சிகள் அதே எண்ணெயையும் அதே காரத்தையும் எடுத்துக்கொண்டன, தெரிந்துகொள்ளும் பகுதியை மட்டும் விட்டுவிட்டன.

சில பயிற்சிகளில் காரம்கூட இல்லை. ஆலையில் செய்த அடிக்கட்டியை வாங்கி, உருக்கி, துளசிப்பொடி தூவி அச்சில் ஊற்றுகிறார்கள். அதற்குச் சோப்பு வார்ப்பு என்று பெயரிட்டால் எனக்கு மறுப்பில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து சிறிது தொலைவில், ஃபோர்ட் கொச்சியில் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டதாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே வெளுக்கின்றன. இன்றும் தமிழ் பேசுகின்றன. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி, கிளிப் இல்லாமலே உலர்த்துகிறார்கள். உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்த தலைமுறைகளின் தொழில் அது. உவர்மண்ணின் ஆற்றல் அதிலுள்ள காரமே. நம் மொழிகள் இதை மறைக்கவும் இல்லை. ஈழத்தமிழர் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்கிறார்கள், தமிழகத்தில் சவுக்காரம், மலையாளத்தில் சலவைச் சோடாவுக்கு அலக்குகாரம். மூன்று சொல்லிலும் காரம் அப்படியே இருக்கிறது. காரத்தைக் கையாண்டு கை வெடித்தவர்களை இழிவென்று ஒதுக்கிய சமூகம், அதே காரத்தைப் பெயர் நீக்கி, சணல் நூல் கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு ‘தூய்மை’யாக விற்கிறது. ‘இயற்கை’ என்னும் சொல்லின் அரசியலை ஆராய்வோர் கோட்பாட்டு நூல்களோடு இந்த இரண்டு தெருக்களையும் பார்க்க வேண்டும்.

காரமே வேண்டாம் என்பவர்களுக்கு வழி இல்லாமலில்லை. பூந்திக்கொட்டை, சீயக்காய், செம்பருத்தித் தாளி ஆகியவை சேர்க்கப்பட்ட காரம் எதுவும் இன்றி அழுக்கு நீக்குபவை. பூந்திக்கொட்டை, சீயக்காய் ஆகியவற்றின் நுரை சப்போனினால் வருவது. அவற்றை அவற்றின் பெயரில் கற்பிக்கலாம். விற்பனைக்குச் சோப்புச் செய்ய 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உரிமம் தேவை என்பதையும் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லலாம். சான்றிதழ் வழங்கிய பிறகு அன்று.

கல்லூரிகளில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வேதியியல் துறையில் சோப்பாக்க எண் என்பது முதலாண்டுச் செய்முறை. மதிப்பெண் வாங்கியதும் மாணவர்கள் மறந்துவிடுவது. அந்த அட்டவணையை எண்ணெய்களின் உள்ளூர்ப் பெயர்களோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டு அருகிலுள்ள குடும்பஸ்ரீ குழுக்களிடம் கொடுக்க ஒரு சனிக்கிழமை போதும். ஒரு கிராம்வரை காட்டும் தராசு ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள். கோப்பைக் கணக்கில் சோப்புச் செய்வதுதான் பாதி விபத்துகளுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

தோலுரிந்த பெண்ணோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். மிஞ்சிய 24 கிராம் காரத்தை ஈடுகட்டவே இன்னும் 170 கிராம் பாமாயில் வேண்டும். சற்று மிச்சம் இருக்கட்டும் என்று 250 கிராம் சேர்க்கச் சொன்னேன். கையுறை அணிந்து, கட்டிகளைச் சீவி, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறிது தண்ணீரோடு உருக்கி, எண்ணெயைக் கலந்து மறுபடி வார்த்தார். ஆறு வாரம் உலரவைத்தார். முகத்துக்குப் போட இன்னும் துணிவில்லை. துணி துவைக்கப் பயன்படுத்துகிறார். அட்டவணையைக் கையால் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நல்லெண்ணெய்க்கு எத்தனை கிராம் என்று நேற்று இரவு தொலைபேசியில் கேட்டார்.