யாருக்கு எத்தனை பெயர்?

புஷ்பா தங்கதுரையின் 'ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது' 1976இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில், கமல்ஹாசன் நடிப்பில் படமாக வந்தது. சிவப்பு விளக்குப் பகுதிப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய கதைகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. அதே ஆள் ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதினார். தில்லிப் படையெடுப்பின்போது அரங்கனின் உற்சவ மூர்த்தியைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களின் கதை அது. அதை யாரும் ஒளித்துப் படிக்கவில்லை. 2013இல் அவர் மறைந்த பிறகும், 'இரண்டையும் எழுதியது ஒரே ஆளா?' என்ற வியப்பு மட்டும் ஓயவில்லை.

அவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. எழுத்தை நம்பிப் பிழைக்கிறவர் எதையும் எழுதலாம். ஆனால் எந்தப் பெயருக்கு எந்தச் சரக்கு போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். கோயிலும் பக்தியும் 'ஸ்ரீ' போட்ட பெயருக்கு. விபச்சார விடுதி, பெண்ணின் பெயர் ஒட்டிய 'புஷ்பா'வுக்கு. தீட்டுப்படும் என்று நினைத்ததை வேறொரு பெயரின் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சுத்தமான பெயரோடு சந்நிதிக்குள் போக முடிகிறது. வாசகர்களும் இந்த ஏற்பாட்டை ரசிக்கிறார்கள். ஒரு பெயரைக் கழற்றி மாட்டிவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும் இந்த வசதி யாருக்கெல்லாம் உண்டு?

கொங்கு மண்ணிலிருந்து இதைக் கேட்கிறேன். இங்கே எங்கள் தாத்தாக்களுக்குப் பெயர் வைத்ததே தோட்டத்துக்காரர்கள்தான். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்தவர்களுக்குத் தெரியும்: ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகள் அதில் கூளையன், நெடும்பன், மொண்டி, செவிடி என்றுதான் அழைக்கப்படுகிறார்கள். குட்டை, நெட்டை, ஊனம், செவிடு, அவ்வளவுதான் பெயர். அறுபது வயது மாதாரியைக் கவுண்டர் வீட்டுப் பொடியன் 'டேய்' போட்டுக் கூப்பிடுவான், அவர் அவனைச் 'சாமி' என்பார். சொந்தப் பெயரே வாய்க்காதவருக்குப் புனைபெயர் எங்கிருந்து வரும்?

'தமிழ்நாட்டில்தான் சாதிப் பெயரே கிடையாதே' என்பார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் பெயரின் வாலில் இருந்த சாதி, கேள்வியாக மாறிவிட்டது. பெயரைச் சொன்னதும் 'எந்த ஊரு?' என்கிறார்கள். ஊரைச் சொன்னால், 'ஊருக்குள்ளயா, வளவுலயா?' கோவையில் வாடகைக்கு வீடு தேடிய எந்தத் தலித்தையும் கேளுங்கள், சொல்வார்கள்.

2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் சாதி அமைப்புகள் கிளம்பியபோது, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாகவும், ஆசிரியர் பெ. முருகன் மட்டும் வாழ்வார் என்றும் அவர் அறிவித்தார். அது அவர் மீது நடந்த வன்முறை. நாம் அவரோடுதான் நின்றோம். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து அந்த எழுத்தாளர் மறுபடி எழுந்தார். அதே 2015இல், ஜூன் மாதம், அந்த நாவல் பேசும் அதே மலைக்கோயிலில் இருந்துதான் ஓமலூர் கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனார்கள். கவுண்டர் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த தலித் என்பதுதான் அவர் செய்த குற்றம். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. சாகக் கொடுத்துவிட்டு உயிர் பிழைக்க அவரிடம் இன்னொரு பெயர் இல்லை. 2022இல் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, பிள்ளை வரவில்லை.

தலித்துகள் புனைபெயர் வைக்கவில்லையா என்றால், வைத்தோம். காத்தவராயன் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். அது நன்றிக்காகச் சூட்டிக்கொண்ட பெயர். ஒளிந்துகொள்ள எடுத்ததில்லை. பாமா என்ற பெயரில் 1992இல் 'கருக்கு' வந்தது. எழுதியது யார் என்று ஊருக்குத் தெரிந்துபோனது, சில மாதங்கள் சொந்த ஊருக்குள்ளேயே அவரால் போக முடியவில்லை. புனைபெயர் அவருக்குக் கூரையாக இருக்கவில்லை.

பெயரோடு இது முடிவதில்லை. பல பெயர் என்றால் பல வகை எழுத்து. துப்பறியும் கதை, சரித்திரம், பேய்க்கதை, காதல், அறிவியல் புனைகதை என எல்லா அலமாரியும் அவர்களுக்குத் திறந்திருக்கிறது. எங்களுக்குக் காட்டப்படும் அலமாரி ஒன்றே ஒன்று: வலி. 'உங்க வாழ்க்கையை எழுதுங்க' என்று பரிவோடு சொல்வார்கள். தன்னைத் தலித் எழுத்தாளர் என்று அடைக்காதீர்கள் என இமையம் எத்தனை முறை சொல்லிவிட்டார்? தீக்காயப் பிரிவில் கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது வாங்கிய பிறகும் அந்த முத்திரையை அவர் மீதிருந்து எடுக்க மனம் வரவில்லை. அண்ணாமலை என்ற இயற்பெயரை இமையம் என்று மாற்ற முடிந்தது, அலமாரியை மாற்ற விடவில்லை.

கோவையைச் சேர்ந்த ராஜகோபால், ராஜேஷ்குமார் ஆகி 1,500க்கும் மேல் நாவல் எழுதினார். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் அவற்றை வாங்கியவர் யாரும் அவர் எந்த வளவு என்று கேட்டதில்லை. அந்தக் கேட்காமைதான் எங்களுக்கும் வேண்டும். எங்கள் வளவிலிருந்து ஒரு பெண் நாளைக்குக் கொலைக்கதை எழுதட்டும். இன்னொரு பெயரில் சோழர் கதை எழுதட்டும். தோன்றினால் மூன்றாவது பெயரில் எங்கள் கதையையும் எழுதட்டும். எதை எழுதுவது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். பதிப்பாளர்களே, அவள் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போது ஊரைக் கேட்காதீர்கள். கதையைப் படியுங்கள்.