பழைய வண்டிக்கு மூச்சு முட்டினால்...

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில், பொழுது விடியும் முன்பே மீன் பெட்டி ஏற்றிய வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் வயதான மோட்டார் சைக்கிள்களும் உண்டு. ஒருநாள் வண்டி கிளம்ப மறுத்தால் என்ன ஆகும்? மீன் காத்திருக்காது. வெயில் ஏறினால் கெட்டுப்போகும். ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போய்விடும்.

உதைத்து உதைத்துக் கால் வலித்ததும், "எஞ்சின் போய்விட்டது" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பல சமயம் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கும். அவ்வளவுதான்.

அதற்காகக் கார்புரேட்டரையே தூக்கி எறிவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது. கழற்றிச் சுத்தம் செய்யலாம். தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். வண்டி மறுபடியும் ஓடும். ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும். அந்தத் தேர்ந்த கைகள் இப்போது குறைந்து வருகின்றன. இதுதான் கவலை.

கொசு மருந்து பம்பு

பெட்ரோல், காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இது எடைக் கணக்கு. இந்தக் கலவையைச் செய்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை.

கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பலரும் பார்த்திருப்பார்கள். பம்பைத் தள்ளினால், குழாயின் வாயில் காற்று வேகமாகப் பாய்கிறது. டப்பாவில் உள்ள மருந்து மேலே ஏறிச் சாரலாகச் சிதறுகிறது. கார்புரேட்டரும் அப்படித்தான். எஞ்சின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே போகும்போது வேகம் கூடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், 'ஜெட்' என்னும் பித்தளைத் துளை வழியாக ஏறிக் காற்றில் கலக்கிறது.

கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை உயரும். ஒரு சிறு ஊசி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறது அல்லவா? அதே வேலைதான்.

செங்கற்பட்டுச் சீமையின் தொழில்

இது ஏதோ வெளியூர்ச் சமாசாரம் அல்ல. 1955-ம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. என்பீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாராயிற்று. திருவொற்றியூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

அந்த நாள் புல்லட்டில் 'ஆமல்' என்ற இங்கிலாந்துக் கார்புரேட்டர் இருந்தது. பின்னர் 'மிக்கார்ப்' வந்தது. 1985-ல் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் கூட்டுறவோடு யூகால் நிறுவனம் தொடங்கியது. செங்கற்பட்டுக்கு அருகே மறைமலை நகரில் அதற்குத் தொழிற்சாலை உண்டு. ஆக, கார்புரேட்டர் செய்வதும் இந்த மாவட்டத்துத் தொழில்தான்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி, பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அதன்பின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எலெக்ட்ரானிக் கருவி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. புகை குறைய இது நல்லது. ஆனால் அதற்கு முன் வாங்கிய வண்டிகள் ஏராளம். அவை இன்றும் குடும்பங்களைச் சுமக்கின்றன.

உப்பும் ஈரமும்

கடற்கரை வண்டிக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று உப்புக் காற்று. கார்புரேட்டரின் உலோகத்தில் வெள்ளை மாவு போலப் பூத்து, அரித்துவிடும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

மற்றொன்று ஈரம். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் என்பது கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஒருவகைச் சாராயம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் சும்மா நிறுத்தினால், கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் பிசினும் சேரும். பழைய ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும் அல்லது வெடிக்கும்.

பரிகாரம் எளிது. பல வாரம் ஓட்டாமல் நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

நோயும் மருந்தும்

பெட்ரோல் வழிந்து ஒழுகினால், மிதவையையும் ஊசியையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்து அணைந்து போனால், சின்ன ஜெட் அடைத்திருக்கலாம். கறுப்புப் புகை வந்தால், பெட்ரோல் அதிகம் போகிறது என்று பொருள்.

நல்ல மெக்கானிக் எப்படி வேலை செய்வார்? முதலில் காற்று ஸ்குரூவை மெல்ல உள்ளே திருகுவார். எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். பிறகுதான் கழற்றுவார். கழற்றிய உறுப்புகளை ஒரு தட்டில் வரிசையாக வைப்பார். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அதற்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்த மாட்டார். பித்தளை மெத்தென்ற உலோகம். துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் செலவு ஏறும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்று அடித்துத்தான் அடைப்பை எடுப்பார். வாஷர்களைப் புதிதாகப் போடுவார். எஞ்சின் சூடான பிறகே கடைசி ஸ்குரூவைச் சரிசெய்வார்.

சில வண்டிகளில் கார்புரேட்டர் இரண்டு உண்டு. 1980-களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் விற்ற ராஜ்தூத் 350 அப்படிப்பட்டது. இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு இழுத்து, மற்றொன்று சோம்பினால் வண்டி நேராகப் போகுமா? இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு திறக்கும்படி இணைத்தாக வேண்டும். அதற்குக் கண்ணும் காதும் வேண்டும்.

வீட்டில் கவனம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். ஆகவே வீட்டுக்குள்ளும், அடுப்பங்கரைப் பக்கத்திலும் கார்புரேட்டரைக் கழற்றக் கூடாது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோலைக் குடிதண்ணீர்ப் பாட்டிலிலோ சோடாப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று குழந்தை குடித்துவிடும். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதும் ஆபத்து. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டினால், அந்தப் புகை உயிரையே வாங்கும்.

யார் கற்றுக்கொடுப்பது?

சாலையோரப் பட்டறைகளில் தலை நரைத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. தெரிந்ததை எழுதி வைத்ததும் இல்லை. அவர்கள் ஓய்ந்துவிட்டால் அந்த வித்தையும் ஓய்ந்துவிடும்.

இன்றைய இளைஞர்கள் புதிய எலெக்ட்ரானிக் வண்டிகளைக் கற்பது சரியே. அதில்தான் எதிர்காலம். ஆனால் பழைய வண்டி ஓடும்வரை பழைய வித்தைக்கும் வேலை உண்டு. செங்கற்பட்டில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அனுபவம் மிக்க மெக்கானிக்குகளை வாரம் ஒரு நாள் அங்கே அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, மாணவர்களுக்குக் கற்பிக்கச் சொன்னால் என்ன? செலவு அதிகம் ஆகாது. மாணவனுக்குக் கூடுதலாக ஒரு பிழைப்பு கிடைக்கும். முதியவருக்கு மரியாதை கிடைக்கும்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், "முதலில் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்" என்று கேளுங்கள். எந்த உறுப்பு தேய்ந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அளவு தப்பிய மலிவுச் சரக்கு வேண்டாம். பொறுமையாக வேலை செய்கிறவருக்குக் கூலியில் பேரம் பேச வேண்டாம்.

கார்புரேட்டர் சுத்தமாக இருந்தால் பெட்ரோல் மிச்சம். புகையும் குறையும். விடியற்காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்பும். மீன் வெயிலுக்கு முன்னே சந்தைக்குப் போய்ச் சேரும்.