ஆராய்ச்சியில் வாய்மை

ஆராய்ச்சியிற் பிழை நேர்தல் இயல்பு. பின்வருவோர் அதனைத் திருத்துவர். பொய்யோ அத்தகையதன்று. அது மெய்க்குரிய ஆசனத்தில் அமர்ந்துகொண்டு, மெய் வருங்கால் அதனை வெளியே நிறுத்திவிடுகின்றது.

இங்கிலாந்து தேசத்துப் பில்ட்டவுன் என்னுமிடத்திற் கிடைத்ததாக 1912-ஆம் ஆண்டில் ஒரு மண்டையோடு வெளியிடப்பட்டது. மனிதனுக்கு மூளையே முதலிற் பெருத்தது என்னும் அக்காலக் கொள்கைக்கு அஃது இசைந்தமையின், அறிஞர் பலர் ஐயுறாது ஏற்றனர். 1925-இல் ரேமண்ட் டார்ட் என்பார், தென் ஆப்பிரிக்காவில் டாங் என்னும் ஊரிற் கிடைத்த, சிறு மூளையுடைய மெய்யான மண்டையோட்டைப்பற்றி எழுதியபோது, அது பலராற் புறக்கணிக்கப்பட்டது. பில்ட்டவுன் எலும்பும் அதற்கு ஒரு காரணம். அவ்வெலும்போ, மனித மண்டையோட்டுடன் வாலில்லாக் குரங்கின் தாடையைச் சேர்த்து, பல்லை அராவிச் சாயமேற்றிய போலியென 1953-இல் வெளிப்பட்டது. 41 ஆண்டுகள் ஒரு பொய் ஆசிரியனாய் வீற்றிருந்தது!

நம் சோதனைச்சாலையில், எதிர்பார்த்த விடை வருமாறு அளவை மாற்றி எழுதும் மாணவர், இது சிறு காரியமென எண்ணலாம். அளவு சிறிதாயினும் வழி அதுவே. விடை ஒவ்வாமை கண்ட மாத்திரத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கும் வழக்கத்தை நாமும் விடல் வேண்டும். கண்டதைக் கண்டவாறு எழுதிய கைக்கே முதன்மை தருவோமாக.