காட்டுல வழி தப்பிட்டா முதல்ல செய்யக் கூடாதது... நடக்கிறது!

பாளையங்கோட்டையிலிருந்து பைக்கை எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் பாபநாசம். அதற்கு மேலே சுமார் 895 சதுர கிலோமீட்டருக்கு விரிந்துகிடக்கிறது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

2018-ல் குரங்கணி காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கிய பிறகு, மலையேற்ற விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' மூலம் 40 பாதைகளை அரசு திறந்தது. ஆன்லைன்ல புக் பண்ணி, வழிகாட்டியோட போகலாம். ஆனாலும், "நேர் பாதைதானே, கைடு எதுக்குல?" என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பாதை எங்கே தொலையுது?

பெரும்பாலும் பத்தடி தூரத்தில். ஒரு செல்ஃபி, அவசரத்துக்கு ஒதுங்குவது, ஒரு குறுக்குவழி... அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் விலங்குகள் நடந்த தடமும் நம்ம பாதை மாதிரியே இருக்கும். பதற்றத்தில் கால் வேகமெடுக்கும். சிக்கலே அங்கேதான்.

ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் ஓரளவு நேராகப் போனார்கள்; மேகம் மூடியிருந்தபோது நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். நேராகப் போவதாக நம்பிக்கொண்டே!

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல். இது மலையின் கிழக்குச் சரிவு. சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். பாளையங்கோட்டையில் வெயில் அடிக்கும்போதே காட்டுக்குள் மங்கிவிடும்.

ஆத்தோட போனா ஊர் வருமா?

வரும். ஆனா, தாமிரபரணி வர்ற வழியைப் பாருங்க. பாணதீர்த்தம் அருவி, காரையாறு அணை, அகஸ்தியர் அருவி... ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊருக்கு முன்னால் வழுக்குப் பாறையும் செங்குத்துப் பள்ளமும்தான் வரும். விலங்குகளும் தண்ணிக்கு அங்கேதான் வரும்.

போன் காப்பாத்துமா?

2013-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில், ஒதுங்கப் போன ஒரு பெண் வழி தப்பினார். சிக்னல் தேடி மேடேறினார். அனுப்பிய மெசேஜ் எதுவும் போய்ச் சேரவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் உயிரோடிருந்தும், தேடியவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2015-ல் உடல் கிடைத்த இடம், பாதையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டருக்குள்தான்.

அப்போ என்ன செய்யணும்?

* சந்தேகம் வந்த இடத்திலேயே நில்லுங்க. நீங்க நகர நகர, தேட வேண்டிய பரப்பு பெருசாகும்.
* மூணு மூணு தடவையா விசில் அடிங்க. கத்துறதைவிட தூரம் கேட்கும்.
* கிளம்பும் முன்பே மேப்பை டவுன்லோடு பண்ணிடுங்க. நெட் இல்லாமலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும், மேப்தான் திறக்காது.
* சிக்னல் இருந்தா 112. இல்லைன்னா, ஏரோபிளேன் மோடில் போட்டு சார்ஜை மிச்சம் பிடிங்க.
* எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்ல சொல்லிட்டுப் போங்க. நீங்க வரலைங்கிறது யாருக்காவது தெரிஞ்சாதான், தேடவே ஆரம்பிப்பாங்க.