வளர்வான் என்றால், வளர்ப்பவர் யார்?

உயரமான இந்திய இளைஞர் ஒருவர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த செய்தி வந்தால் போதும், ‘அடுத்த சத்னாம் சிங்’ என்று ஆய்வு வட்டத்து நண்பர்கள் பகிரத் தொடங்கிவிடுகிறார்கள். மறுநாளே எதிர்முகாம் எழுகிறது: இந்திய உடலுக்கு என்பிஏ எட்டாது என்று. இரு முகாம்களுமே உடலை அளந்துவிட்டு ஆட்டத்தை மதிப்பிட்டதாக எண்ணிக்கொள்கின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

என்பிஏ டிராஃப்டுக்கு முன் எழுதப்படும் மதிப்பீடுகளின் மொழியைக் கவனியுங்கள். கை விரிப்பு, நின்றபடி எட்டும் உயரம், எம்பும் உயரம் என்று அளவுகளை அடுக்கிவிட்டு, இறுதியில் ‘இவர் டெவலப் ஆவார்’ என்று முடிப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரே வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். வளர்ப்பவர் ஓசையின்றி வாக்கியத்தைவிட்டு நழுவிவிடலாம். தமிழில் அது அத்தனை எளிதன்று. ‘வளர்வான்’ வேறு, ‘வளர்ப்பார்’ வேறு. காளிகாட்டில் என் வாசலில் ஒலிக்கும் வங்கமும் ‘பாடா’, ‘பாடானோ’ என இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. இவ்விரு மொழிகளில் சிந்திக்கும் நாமும் ஏன் பிறவினையை மறந்துவிட்டுப் பேசுகிறோம்?

சத்னாமையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தில் பிறந்து, லூதியானா அகாதெமி வழியாக 2010இல் ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாதெமிக்குச் சென்றவர். 7 அடி 2 அங்குலம். கல்லூரி ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2015 டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவதாகத் தெரிவு செய்யப்பட்டார். என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. அவரோ சென்டர், உயரம் பாதிச் சுமையைத் தாங்கும் இடம் அது. ஃபார்வர்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கூடைக்கடியிலும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலும் ஒரே இரவில் பிழைக்க வேண்டியவர் அவர். எதிரணி திரையிட்டால் எந்த ஆளை மாற்றிக்கொள்வது, எப்போது பந்தை விட்டுவிடுவது என்ற முடிவுகள் ஆடி ஆடித்தான் கைவரும்.

டிரேமண்ட் கிரீன் இதற்கு நேரெதிர்ச் சான்று. ஃபார்வர்டுக்குக் குட்டை என்று தயங்கப்பட்டவர்; 2012இல் 35ஆவதாகவே அழைக்கப்பட்டார். ஆனால் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடித் தீர்த்திருந்தார். 2017இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கு.

‘அது அமெரிக்கா, நம் உடல் வேறு’ என்போருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2014 ஜூலையில், வூஹானில், ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை அதன் மண்ணிலேயே வென்றது. அந்த அணியின் ஃபார்வர்டு அம்ஜோத் சிங்குக்கு அப்போது வயது 22. வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு டிராஃப்ட் கதவு அடைபடும் வயது அது. என்பிஏயின் துணை லீகான ஜி லீகில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்காக அவர் ஆடியது 2017இல்தான். அந்த மூன்றாண்டுத் தாமதத்துக்கு உடல் காரணமா?

பிரின்ஸ்பால் சிங்கின் வழி சற்று மேலானது. என்பிஏ அகாதெமி இந்தியாவிலிருந்து 2020இல் ஜி லீக் இக்னைட் அணிக்குச் சென்ற ஃபார்வர்டு; 2021 கோடை லீகை வென்ற சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியிலும் இருந்தார். ஆயினும் டிராஃப்டில் அவர் பெயர் ஒலிக்கவில்லை. இதைத் தனிமனிதத் தோல்வியாக எழுதுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரி அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் ஆடுகிறது. நம் பல்கலைக்கழக அணிக்கு மண்டலப் போட்டியில் ஒரு தோல்வி போதும், ரயிலேறி வீடு திரும்ப. (விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவரை ஆண்டில் எத்தனை நாள் ஆட வைக்கிறோம் என்று நம் துறைத் தலைவர்களைக் கேட்டுப் பாருங்கள், வருகைப்பதிவைப் பற்றிப் பேசுவார்கள்.)

கல்லூரிக்கு வெளியே என்ன இருக்கிறது? 2015இல் தொடங்கிய யுபிஏ லீக் 2017உடன் நின்றது. 2022இல் ஐஎன்பிஎல் ஆறு நகரங்களின் பெயரில் அணிகளை அமைத்தது. சென்னை இருந்தது, கொச்சி இருந்தது, கொல்கத்தா இல்லை. மைதான் நெடுகிலும் கால்பந்து மன்றங்கள் நிறைந்த ஊரில், பத்தொன்பது வயது ஃபார்வர்டு ஒருவருக்குப் பருவம் முழுதும் ஆட ஓர் அணி இல்லை. ரயில்வேயில் வேலை கிடைத்தால் அதுவே அவருடைய தொழில்முறை டிராஃப்ட்.

தென்னக ரயில்வேயின் கீது அன்னா ஜோஸைக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார். ஆஸ்திரேலியாவில் மூன்று பருவங்கள் ஆடிய பின், 2011இல் மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகள் அவரைச் சோதனைக்கு அழைத்தன. அந்த அழைப்புக்கு முன்னால் அவருக்குப் பின்னே ஆட்டங்கள் இருந்தன. நம் ‘அடுத்த சத்னாம்’ பட்டியல்களில் அவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

ஆகவே அடுத்த இளைஞரைப் பற்றிப் பகிருமுன், சென்ற பருவத்தில் அவர் எத்தனை நிமிடங்கள் களத்தில் நின்றார், யாருக்கு எதிராக நின்றார் என்று முதல் வரியில் எழுதுங்கள். கை விரிப்பைப் பிறகு அளந்துகொள்ளலாம்.