பதிலிக்குப் பணம் உண்டு, நிரந்தர டாக்டருக்கு இல்லையா?

பதிலி என்றால் யார் என்று மில் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் கேட் வாசலில் காத்து நிற்பவன் அவன். ஆள் வராவிட்டால் வேலை. வந்துவிட்டால் வெறுங்கையோடு வீடு. அவனுக்குக் கூலியும் குறைவு, உரிமையும் குறைவு.

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் ராஜ்யத்தில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மனநோய் டாக்டர் வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலியாகக் கிடந்தது. பக்கத்து ராஜ்யங்களில் சம்பளம் அதிகம். டாக்டர்கள் அங்கே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் 25 சதவீத உயர்வு கேட்டார்கள். லேபர் கட்சி சர்க்கார் என்ன சொன்னது? மூன்று வருஷத்தில் 10.5 சதவீதம், அதற்கு மேல் கஜானாவில் பணமில்லை என்றது! 2025 ஜனவரியில் 200க்கும் மேற்பட்ட டாக்டர்கள் ராஜிநாமாவை நீட்டினார்கள்.

உடனே கஜானா திறந்தது. ஏஜென்சிகள் மூலம் பதிலி டாக்டர்கள் தேடப்பட்டார்கள். ஒரு நாளைக்கு 3,000 டாலர் வரை கூலி என்று பத்திரிகைகள் எழுதின. ஏஜென்சிக்குக் கமிஷன் வேறு! நிரந்தர ஊழியனுக்கு இல்லாத பணம் பதிலிக்கு எங்கிருந்து வந்தது?

லட்சக்கணக்கில் வாங்கும் டாக்டருக்காக உழைப்பாளி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமே. பதிலும் உண்டு. பணக்காரன் தன் வீட்டு நோயாளியைத் தனியார் டாக்டரிடம் கொண்டுபோவான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடப்பவன் ஏழை. மனநோய்க்கு மருந்து மட்டும் போதாது. தன்னை அறிந்த டாக்டர் வேண்டும். வாரத்துக்கொரு புதுமுகத்திடம் தன் துயரக் கதையை முதலிலிருந்து சொல்லும் நோயாளி எப்படித் தேறுவான்? இது பதிலி டாக்டரின் குற்றமல்ல. ஆளை நிலைக்கவிடாத சர்க்காரின் குற்றம்.

டாக்டர்கள் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் அந்த ராஜ்யத்தின் சர்க்கார் டாக்டர்கள், தொழிலுறவுக் கமிஷனின் தடையையும் மீறி மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் அதே கமிஷன் மனநோய் டாக்டர்களுக்கு 20 சதவீத உயர்வு அளித்தது. இல்லை என்று சொன்ன பணம் வந்தது! ஆனால் 12 மாதத்துக்கு மட்டுமே. ஆக, உயர்வும் பதிலியாகவே வந்திருக்கிறது!

நாம் சொல்வது இதுதான்: பதிலிக்கு நியாயமான, பகிரங்கமான கூலியைச் சர்க்காரே நிர்ணயிக்கட்டும், இடையில் ஏஜென்சி வேண்டாம். 20 சதவீதத்தை நிரந்தரமாக்கட்டும். காலியிடங்களை நிரப்பட்டும். நிரந்தர வேலைக்கு நியாயமான சம்பளம் இருந்தால் பதிலிக்கு அள்ளிக் கொடுக்க வேண்டிய அவசியமே வராது.

கேட் வாசலில் நின்று பழகிய நமக்கு இந்தக் கணக்கு புரியும். ஆளைத் தாற்காலிகமாகவே வைத்திருக்க விரும்பும் முதலாளி, கூலியை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. சங்கத்தின் பலத்தை உடைப்பதற்காகவும் செய்கிறான். சிட்னியிலும் அந்தப் பலம்தான் கஜானாவைத் திறந்தது.